கணக்கில் எழுதாத செலவு

சென்ற மாதம் காரைக்காலிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். கணவர் கடை வைத்திருக்கிறார், பிள்ளைகள் இருவர், மாமியாரும் உடன் இருக்கிறார். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவு உல்லாசக் கப்பலில் பினாங்கும் புக்கெட்டும் சென்று திரும்ப வேண்டும் என்பது கணவரின் ஆசை. "இது மார்க்கத்தில் ஆகுமா, அல்லது வீண் விரயத்தில் சேருமா?" என்பதே சகோதரியின் கேள்வி. கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து, இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: "மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் டிக்கெட் விலையை மட்டுமே சொல்கிறார்."

ஆகுமா ஆகாதா என்பதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. பிள்ளைகளை நாலு ஊர் காட்டி மகிழ்விப்பதை யாரும் குற்றம் என்று சொல்லிவிட மாட்டார்கள். நம்மைப் பிடித்துக்கொண்டது அந்த ஓரத்து வரிதான். ஒரு பயணத்திற்கு டிக்கெட் விலை ஒன்று, உண்மை விலை ஒன்று என்று இரண்டு இருக்குமானால், முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதைப் பற்றி மௌனமாக இருப்பது பொய்யா? பொய் இல்லை என்றால் அதற்கு வேறு என்ன பெயர்? இதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போமாக.

கப்பற் பயணம் நம் கடற்கரை மக்களுக்குப் புதியதல்ல. நம் பாட்டனார் 1950-களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு 'ரஜூலா' கப்பலில் போய் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அந்த வழியின் கதையும் அத்தோடு முடிந்தது. நாகையில் பெரிய கப்பல் கரையணைய முடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். பாட்டனார் கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன பயணி.

அவருடைய கணக்கு நோட்டு ஒன்று வெகு காலம் நம் வீட்டுப் பரணில் கிடந்தது. சிறு வயதில் அதைப் புரட்டி விளையாடியிருக்கிறோம். கப்பல் கூலிக்குக் கீழே படகுக் கூலி, பெட்டி தூக்குபவருக்கு, தளத்தில் தண்ணீர் கொண்டுவந்து தரும் ஆளுக்கு, இறங்கியதும் முதல் மூன்று நாள் சாப்பாட்டுக்கு என்று வரிசையாக இருக்கும். அதற்கும் கீழே கோடு போட்டு, 'வீட்டில்' என்று தலைப்பிட்டு, அரிசி, விறகு, பிள்ளைகளின் ஓதுபள்ளிக் காசு, 'அவசரத்துக்கு' என்று எழுதியிருப்பார். இந்தக் கடைசிப் பகுதி பயணச் செலவே அல்லவே, இதை ஏன் அதே பக்கத்தில் எழுதினார் என்று அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை. பிற்காலத்தில் ஹஜ்ஜின் சட்டங்களைப் படித்தபோதுதான் விளங்கிற்று. ஹஜ் கடமையாவதற்கு வேண்டிய சக்தி என்பது, போய்வரும் செலவு மட்டுமல்ல. திரும்பி வரும்வரை தன் பொறுப்பில் உள்ளவர்கள் சாப்பிட்டு உடுத்தி வாழ வேண்டியதும் அதில் அடங்கும் என்று நூல்கள் சொல்கின்றன. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போவதற்கே இந்தக் கணக்கு என்றால், புக்கெட் கடற்கரைக்குப் போவதற்கு இதைவிடக் குறைந்த கணக்குப் போதுமா?

இனி இன்றைய கப்பலுக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற விலை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துத் தலைக்குக் கணக்கிட்ட விலை. அதில் அறையும், பொதுச் சாப்பாட்டுக் கூடத்தின் உணவும், குடிநீரும், மேடை நிகழ்ச்சிகளும் அடங்கும். துறைமுகக் கட்டணமும் வரியும் சில இடங்களில் அடங்கும், சில இடங்களில் அடங்காது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை முதல் ஒரு சட்டம் வந்தது. கட்டாயமாக வசூலிக்கும் கட்டணங்களையெல்லாம் முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதன் பின் பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்நாட்டில் தங்கள் விலைப் பட்டியலையே மாற்றிக்கொண்டன. ஒரு விலையை முழுமையாகச் சொல்ல வைப்பதற்குச் சட்டம் தேவைப்பட்டதே என்று நாம் வியக்கலாம். ஆனால் மேலே காய்ந்த தானியத்தையும் அடியில் நனைந்ததையும் வைத்து விற்ற வியாபாரியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குப் புதிதா? நனைந்ததை மேலே வை, வாங்குபவர் பார்க்கட்டும் என்பதே அங்கே கற்பிக்கப்பட்ட பாடம்.

அந்தச் சட்டம் வந்த பிறகும் விலைக்கு வெளியே நிற்பவை பல. முதலாவது, பணியாளர்களுக்கான அன்பளிப்பு. அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் இது தலைக்கு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். சிறு பிள்ளைக்கும் உண்டு. இந்நாளில் 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கு நான்கு இரவுக்கு 288 டாலர். நம் பணத்தில் சுமார் இருபத்தைந்தாயிரம் ரூபாய். பினாங்குக்கு விமானத்தில் போயிருந்தால் ஒருவர் டிக்கெட் இந்தப் பணத்தில் முடிந்திருக்குமே என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும், அதைப் பின்னால் பேசுவோம்.

இணையத் தொடர்பு தனி. ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 20 டாலரை ஒட்டி ஆகலாம். அது வேண்டாம் என்று இருப்பவரும், கைப்பேசியை விமானப் பயணத்தில் வைப்பதுபோல் அடைத்து வைக்காவிட்டால், அது கப்பலின் செயற்கைக்கோள் வலையைத் தானாகப் பற்றிக்கொள்ளும்; ஊர் திரும்பியதும் பில் வரும். புட்டியில் வரும் குளிர்பானம் தனி. படம் பிடிப்பவர் ஏறும்போதே சிரிக்கச் சொல்லிப் பிடித்துவிடுவார். படத்தை எடுத்துக்கொண்டால்தான் விலை. கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் இலவசமல்ல. ஒரு பிள்ளைக்கு வாந்தி கண்டால் போதும், பயணக் காப்பீடு எடுக்காதவர் அன்றைக்குத்தான் காப்பீட்டின் அருமையை அறிவார். கப்பல் யாருக்காகவும் காத்திராது. அன்று காலை விமானத்தில் இறங்கி அன்று மாலை ஏறிவிடலாம் என்று திட்டமிட்டு, விமானம் தாமதித்தால் அத்தனை பணமும் போகும். ஆகவே முந்திய நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்க வேண்டும், அதற்கு வாடகை. விஸாவில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி வெளியே போய்த் திரும்ப நுழைகிறோம். அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் சுற்றுலாப் பொதியாக வாங்கினால் மூலத்திலேயே வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் பிறகு சரிக்கட்டப்படும் என்பது உண்மை. அன்றைக்குக் கையிலிருந்து போகிறது என்பதும் உண்மை.

கரையிறங்கும் சுற்றுகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இல்லை, ஏமாறுகிறார்கள் என்பது சரியல்ல, விசாரிக்காமல் கொடுக்கிறார்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே அணையும். அங்கிருந்து நிதானமாக நடந்தால் இருபது நிமிஷத்துக்குள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம்மவரான காதிர் முகைதீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய பள்ளி அது. லுஹர் தொழுதுவிட்டு, பக்கத்துத் தெருவில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, நடந்தே திரும்பலாம். இதற்குக் கப்பலில் சீட்டு வாங்கத் தேவையில்லை. புக்கெட்டில் நிலைமை வேறு. பெரிய கப்பல் பதோங் விரிகுடாவில் தூரத்தில் நிற்கும். படகில்தான் கரை சேர வேண்டும். (பாட்டனாரின் நாகப்பட்டினம் நினைவுக்கு வருகிறது, இந்தப் படகுக்குக் கூலி இல்லை என்பதே வித்தியாசம்.) கரையில் வண்டிக்காரரிடம் பேரம் பேசித் தொலைவில் போவது சிக்கனம்தான். ஆனால் கப்பல்காரரின் சுற்றில் போனவர் தாமதித்தால் கப்பல் பார்த்துக்கொள்ளும். சொந்தமாகப் போனவர் தாமதித்தால் கப்பல் கிளம்பிவிடும். பிள்ளைகளோடு போகிறவர் இதையும் விலைதான் என்று எண்ண வேண்டும்.

கப்பலில் காசு கைமாறுவதே இல்லை. ஏறியதும் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அறைச் சாவியும் அதுவே, பணப்பையும் அதுவே. பிள்ளைகள் அதை நீட்டினால் பனிக்கூழ் வரும். கையிலிருந்து நோட்டு போகும்போது மனத்தில் ஒரு சிறு வலி இருக்கும் அல்லவா? அந்த வலியை நீக்கிவிட்ட ஏற்பாடு இது. கடைசி இரவில் மொத்தக் கணக்கு வரும். அது நம் கடன் அட்டையில் ஏறும். அந்நிய நாணயம் என்பதற்காக வங்கி அதன் மேல் மூன்று, மூன்றரை சதவீதம் வரை சேர்க்கும். மாதக் கெடுவில் முழுதும் கட்ட இயலாமல் போனால் அதன் மேல் வட்டி. மாதத்திற்கு மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டுகிறது. வட்டியின் வாசலை மிதிக்க மாட்டோம் என்று வீடு வாங்காமல், வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிற பேணுதலான குடும்பங்களை நாம் அறிவோம். அப்படிப்பட்ட குடும்பமும் நான்கு இரவுப் பனிக்கூழுக்காக அந்த வாசலில் போய் நிற்கும் அபாயம் இங்கே இருக்கிறது. திட்டமிட்டுப் போய் நிற்பதல்ல. எண்ணாமல் விட்டதனால் நிற்பது.

"இத்தனையும் எண்ணிக்கொண்டிருந்தால் எங்கேயும் போக முடியாது. போகும்போது பார்த்துக்கொள்ளலாம், அல்லாஹ் தருவான்" என்று கணவர் சொல்வதாகவும் சகோதரி எழுதியிருந்தார். நம் வீடுகளில் ஆண்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது, நாமும் சொல்லியிருக்கிறோம். ஆனால் இதைத் தவக்குல் என்று அழைப்பது சரியா? யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்குக் கிளம்பி, நாங்கள் அல்லாஹ்வையே நம்பியவர்கள் என்று சொல்லிவிட்டு, மக்கா வந்து சேர்ந்ததும் மனிதர்களிடம் கையேந்தினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி வருகிறது. பயணத்துக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு செல்லுங்கள் என்ற இறைக்கட்டளை அதை ஒட்டியே அருளப்பட்டது என்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையில் என்ன குறை? வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. அவர்கள் எழுதாமல் விட்ட செலவு மக்காவிலிருந்தவர்கள் மடியிலிருந்து போயிற்று, அவ்வளவுதான். செலவு என்பது எண்ணாவிட்டால் இல்லாமற் போவதில்லை. எங்கேயோ யாரோ கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

யார் கொடுக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. இதில் நாம் பிறரைக் குறை சொல்லிக்கொண்டு போக முடியாதபடி ஒன்று நடந்திருக்கிறது. வெட்கத்தோடு அதையும் இங்கே எழுதுகிறோம்.

2018-ஆம் ஆண்டு நாமும் இதே பயணம் போனோம். நாமும் வீட்டாரும் மக்கள் இருவருமாக. கப்பலின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மீது குறையொன்றும் இல்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதில் நமக்குப் பெருமை. வீட்டில் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டார்கள். டிக்கெட், விமானம், கைச்செலவுக்கு இவ்வளவு என்று சொன்னோம். அன்பளிப்பு என்று ஒன்று உண்டு என்பது நமக்குத் தெரியும். சீட்டின் பின்பக்கத்தில் படித்திருந்தோம். அதைச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று மனத்தின் ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும், சொல்லவில்லை. நமக்குள்ளும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் வைத்திருக்க ஓர் அறை நம் எல்லோருடைய உள்ளத்திலும் இருக்கிறது.

நம் அறையைக் கவனித்துக்கொண்டவர் இந்தோனேஷியக்காரர். முதல் நாள் வீட்டாரின் முக்காட்டைப் பார்த்ததும் ஸலாம் சொன்னார். கிப்லா எந்தத் திசை என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்டு வந்து சொன்னார். துண்டை மடித்துக் குரங்கு, யானை என்று செய்து கட்டிலில் வைத்துப் போவார். பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே அறைக்கு ஓடுவார்கள். கப்பல் ஊழியர் வேலை எளிதல்ல. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்று வரம்பிடுகிறது. பாதுகாப்புக்காக எழுதிய வரம்பு. திருப்பிப் பார்த்தால் வாரத்தில் 91 மணி நேரம் கையில் எஞ்சுகிறது. ஆறு மாதம், எட்டு மாதம் ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் உழைக்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் அறை ஊழியரின் வருமானத்தில் இந்த அன்பளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசி இரவில் கணக்கு வந்தது. பிள்ளைகளின் குளிர்பானம், படங்கள், புக்கெட் சுற்று, அத்தோடு அன்பளிப்பு இருநூற்றுச் சொச்சம் டாலர். வீட்டார் தாளைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற யாரோ சொன்னார்கள், முகப்பில் கேட்டால் அன்பளிப்பை நீக்கிவிடுவார்கள், அது நம் விருப்பம்தான் என்று. போனோம். கேள்வி எதுவும் கேட்காமல் நீக்கினார்கள். குளிர்பானத்தை நீக்கச் சொல்ல முடியாது, படத்தை நீக்கச் சொல்ல முடியாது, வங்கியின் சதவீதத்தை நீக்கச் சொல்ல முடியாது. அந்தத் தாளில் நீக்கக்கூடியது ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது அந்த மனிதரின் வரி. மறுநாள் காலை பெட்டியோடு வெளியே வந்தபோது வாசலில் நின்று ஸலாம் சொன்னார். நாம் பதில் சொன்னோம். அவருக்கு அப்போது தெரியுமா தெரியாதா என்பது இன்றுவரை நம்மை விட்டுப் போகவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அன்றிரவு நமக்கு நாமே சொல்லிக்கொண்டவைதான். அன்பளிப்பு என்றால் விருப்பம். விருப்பத்தில் கட்டாயம் ஏது? இது ஒன்று. ஊழியருக்குக் கூலி கொடுப்பது முதலாளியின் கடமை. அதைப் பயணியின் தலையில் கட்டிவிட்டு டிக்கெட்டை மலிவாகக் காட்டுகிறார்கள், அந்தத் தந்திரத்துக்கு நாம் ஏன் துணைபோக வேண்டும்? இது இரண்டாவது. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது என்றே இன்றும் கருதுகிறோம். நனைந்த தானியத்தை அடியில் வைக்கிற வேலைதான் அது. ஆனால் முதலாளியின் மீதுள்ள கோபத்தை ஊழியரின் பையிலிருந்து கழித்துக்கொள்வது எந்த நியாயத்தில் சேரும்? முதலாளிக்கு நம் டிக்கெட் பணம் குறையாமல் போய்ச் சேர்ந்துவிட்டதே!

முதல் மறுப்புக்கு ஃபிக்ஹு நூல்களில் ஒரு விடை உண்டு. ஒரு கொடுக்கல் வாங்கலில் ஊரறிந்த வழக்கம் எதுவோ, அதை வாயால் பேசிய நிபந்தனைக்கு நிகராக எண்ணும் விதி அது. வண்டிக்காரரோடு கூலி பேசாமல் ஏறினாலும் இறங்கும்போது வழக்கமான கூலியைக் கொடுக்கத்தானே செய்கிறோம்? கப்பலில் இந்தத் தொகை வழக்கம் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், சீட்டிலும் எழுதியிருக்கிறது. தெரிந்துகொண்டே நான்கு நாளும் பணிவிடையை நிறையப் பெற்றுக்கொண்டோம். வாங்கும்போது நிறைத்து அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைப்பவர்களை எச்சரிக்கும் ஓர் அத்தியாயம் வேதத்தில் இருக்கிறது. தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டுமே அது என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம்.

ஊர் திரும்பிய பின் அந்தத் தொகையை அவர் பேரில் ஏழைகளுக்குக் கொடுத்தோம். உரியவரைக் கண்டுபிடிக்க முடியாதபோது அவருக்காகத் தர்மம் செய்துவிடலாம் என்று சொல்வதுண்டு. ஆனால் அது தேடியும் கிடைக்காதவருக்கு. நாம் தேடினோமா? சட்டையில் குத்தியிருந்த பெயர் நமக்குத் தெரியும், அறை எண் தெரியும், கப்பல் தெரியும். ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருக்கலாம். எழுதவில்லை.

இன்னொரு விஷயம் பலர் எண்ணிப் பார்க்காதது. கப்பல் டிக்கெட் ஏன் இத்தனை மலிவு? உலகின் மிகப் பெரிய கப்பற் சுற்றுலா நிறுவனமான கார்னிவல், 2023 கணக்காண்டில் ஈட்டிய சுமார் 2,160 கோடி டாலரில் ஏறக்குறைய 750 கோடி டிக்கெட்டுக்கு வெளியே வந்தது என்று அதன் ஆண்டறிக்கை காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மதுக்கூடம், சூதாட்டக் கூடம், கடைகள், கரைச் சுற்றுகள் எல்லாம் அதில் அடக்கம். பக்கத்து அறைக்காரர் சூதில் தோற்பதால்தான் நம் அறை மலிவு என்று சொன்னால் அது மிகையாக இருக்கலாம். முழுப் பொய்யாக இராது. "நாங்கள் குடிக்கவில்லை, ஆடவில்லை, மேல்செலவு ஒரு காசு செய்யவில்லை, கப்பலையே ஏமாற்றி வந்துவிட்டோம்" என்று சில நண்பர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. இது ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்வதற்கு நமக்குத் தகுதியுமில்லை. மலிவு என்று ஒன்றைக் கண்டால் மீதியை யார் கட்டினார் என்று ஒரு முறை திரும்பிப் பார்க்கும் வழக்கம் நல்லது என்று மட்டும் சொல்வோம்.

இனி அந்தச் சகோதரியின் கணவருக்கு. அவர் பொய் சொல்லவில்லை என்று நாம் நம்புகிறோம். நாமும் அன்று பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கும்போது அவர் கேட்பது வெறும் எண்ணையா? அந்தப் பணம் போனால் எது நிற்கும், யாருடைய மருந்து தள்ளிப்போகும், பிள்ளையின் கட்டணத்துக்கு யாரிடம் கைநீட்ட வேண்டும் என்பதையல்லவா கேட்கிறார்? பற்றாக்குறை வந்தால் முதலில் வளையலைக் கழற்றித் தரப்போகிறவர் அவரே. கொடுக்கப்போகிறவருக்கு விலையைக் குறைத்துச் சொல்வது, கடைக்காரர் குறைத்துச் சொல்வதைவிட எந்த வகையில் உயர்ந்தது? உள்ளதை முழுதும் சொல்லி, அதற்குப் பின் அவர் "போவோம்" என்றால், அந்தப் போவோமுக்கு ஓர் அழகு இருக்கிறது. சொல்லாமல் பெற்ற சம்மதத்துக்கு அது கிடையாது. செலவில் கைவிரித்து இறைப்பதும் வேண்டாம், முடிச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ஏங்க வைப்பதும் வேண்டாம் என்று மார்க்கம் நடுவழி காட்டுகிறது. நடுவழி எது என்று தெரிய இரு கரையும் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

இவ்வாறெல்லாம் சகோதரிக்குப் பதில் எழுதினோம். பாட்டனாரின் நோட்டைப் பற்றியும், கப்பலில் நாம் செய்ததைப் பற்றியும் மறைக்காமல் எழுதினோம். பதினைந்து நாளில் மறு கடிதம் வந்தது. கணவரும் அவரும் இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்களாம். முதலில் கணவருக்குச் சற்றுக் கோபம். பிறகு அவரே பேனாவை வாங்கி எழுதினாராம். இந்த விடுமுறைக்கு முடியாது, அடுத்த ஆண்டுக்குச் சேர்க்கலாம் என்று வந்திருக்கிறார்கள். இணையம் வேண்டாம், படம் வேண்டாம், பினாங்கில் நடந்தே போவது, மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் மாமிக்குப் பத்து நாள் செலவு என்று கணக்கு ஓடுகிறது. நோட்டுப் பக்கத்தின் நகலையும் கடிதத்தோடு வைத்திருந்தார். முதல் வரியில் 'அறை ஊழியருக்கு 288 டாலர்' என்று இருக்கிறது. டிக்கெட் விலை நான்காவது வரியில் வருகிறது.